ஆட்டின் உறவு: மரமா, வலையா?

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் ஒரு பெட்டை ஆட்டைக் காட்டி, இதன் தாய் எது என்று கேட்டால் பட்டிக்காரர் சொல்லிவிடுவார். பாட்டியையும் சொல்வார். அதற்கும் முந்திய கதையை ஆட்டின் உடம்பில்தான் படிக்கவேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் ஆலைகளுக்குத் தலைமுறைகளாகத் தோல் தந்துவரும் வெள்ளாடு, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் பெசோர் என்ற காட்டாட்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிராணி.

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. ஆட்டில் ஏறக்குறைய 16,600 எழுத்து நீளம். அது தாய்வழியாக மட்டுமே குட்டிக்குப் போகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறும். மாறியது அடுத்தடுத்த தலைமுறைக்கும் தொடரும்.

இந்த மாற்றங்களை ஒப்பிட்டுத் தெரியும் தாய்வழி உறவை மரமாக வரைந்தால் ஒரு சிக்கல். மரத்தில் இன்றைய ஆடுகள் எல்லாம் கிளை நுனியில்தான் நிற்கமுடியும். ஆனால் மூதாயின் பழைய எழுத்துவரிசை மாறாமல் ஓர் ஆட்டிலும், அதிலிருந்து மாறியது இன்னோர் ஆட்டிலுமாக, இரண்டும் ஒரே பட்டியில் மேயலாம். ஒரே எழுத்து இரு வம்சங்களில் தனித்தனியே மாறியும் இருக்கலாம். இதற்காகவே பாண்டல்ட், ஃபார்ஸ்டர், ரோல் ஆகியோர் 1999இல் வலைவரைவு முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு எழுத்துவரிசையும் ஒரு வட்டம். அதை உடைய ஆடுகள் அதிகமானால் வட்டம் பெரிது. எழுத்து வித்தியாசம் குறைந்தவை பக்கத்துப் பக்கத்தில் இணையும். கிடைக்காத மூதாய்க்கு வெற்றுப்புள்ளி. எந்த வழியில் மாறியது என்று உறுதியில்லாத இடத்தில் கண்ணி விழும். பெரிய வட்டத்தைச் சுற்றிச் சிறு வட்டங்கள் நட்சத்திரம்போல் விரிந்தால், அந்த வம்சம் வேகமாகப் பெருகியது என்று அறியலாம்.

2004இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் உள்ளிட்ட குழு, 10 இந்திய இனங்களின் 363 ஆடுகளை ஆராய்ந்தது. பெரும்பாலானவை ‘ஏ’ என்ற ஒரே தாய்வம்சம். 2001இல் வெளியான உலகளாவிய ஆய்வும், ஆடுகளின் தாய்வழி வேற்றுமையில் சுமார் 10 சதவீதமே கண்டத்துக்குக் கண்டம் மாறுவதாகக் கண்டது. மாடுகளில் அது பாதிக்கும் மேல். மனிதர் போன இடமெல்லாம் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போனதன் தடம் இது.

வலையின் ஓரத்தில் ஒரே ஓர் ஆட்டைக் குறிக்கும் சிறு வட்டங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஆடும் அதன் நெருங்கிய தாய்வழி உறவும் பெட்டைக்குட்டி விடாமல் போய்விட்டால் அந்த எழுத்துவரிசை அதோடு முடிந்தது. சேலம் கறுப்பு, கன்னி, கொடி என்று நம் ஆட்டினங்களைக் காப்பவர்கள், எந்தப் பெட்டையைச் சந்தைக்கு ஓட்டக்கூடாது என்று தெரிந்துகொள்ள இந்த வலை உதவும்.