கண்மாய் மீனைத் தணலில் வாட்டும் முறை

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கூமாப்பட்டியிலும் அதனையடுத்த வத்திராயிருப்பிலும் நெல்லும் தென்னையும் செழித்திருப்பது யாவரும் அறிந்ததே. அப்பயிர்களுக்கு நீரளிக்கும் கண்மாய்கள் கோடையில் வற்றுங்கால் மீனும் அளிக்கின்றன. ஆயினும், சேற்று வாடை வீசுமென்று கூறி அநேகர் கண்மாய் மீனை ஒதுக்கிவிட்டு, தொலைவிலிருந்து வரும் கடல் மீனை அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். குழந்தைகளின் தேக வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் ஊரிலேயே மலிவாய்க் கிடைக்க, அதைத் தள்ளுதல் வீண் நஷ்டமாகும்.

இவ்வாடை மீனின் பிறவிக் குணமன்று. நீலப்பச்சைப் பாசியும் மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே இதற்குக் காரணம். புதுமழையில் எழும் மண்வாசனையும் இதனாலேயே. இப்பொருள் மீனின் கொழுப்பிலும் தோலிலும் தங்குகிறது. கிணற்றடியில் தொட்டியுள்ளோர், உயிர்மீனை இரையின்றித் தெளிந்த நீரில் சில நாள் விட்டுவைத்து, நீரையும் அடிக்கடி மாற்றிவந்தால் வாடை பெரிதும் நீங்கும். அவ்வசதி இல்லாதோர் வயிற்றினுள் இருக்கும் கரிய சவ்வைச் சுரண்டியெடுத்து, புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுதல் வேண்டும். புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைக்கும். நெடுநேரம் ஊறினால் சதை குழைந்துவிடும்.

செவுள் சிவந்தும் கண் பிதுங்கியும் உள்ள மீனே வாட்டுவதற்கு ஏற்றது. பழைய மீனின் குற்றத்தைக் குழம்பு மறைக்கலாம், தணல் மறைக்காது. விராலிலும் ஜிலேபிக் கெண்டையிலும் சதைக்குள் நுண்முள் இல்லையாதலால் குழந்தைகளுக்கு அவையே உகந்தவை. ரோகு முதலிய கெண்டைகளில் நுண்முள் மிகுதி. இருபுறமும் நெருக்கமாகக் கீறிவிட்டால் அம்முட்கள் துண்டுபட்டு வெந்து மெத்தென்றாகும். மசாலாவும் உட்புகும்.

அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துச் சிறிது நல்லெண்ணெயில் குழைத்துப் பூசுக. மிளகாயை அள்ளியிடுவது அநாவசியம். மீனின் சுவையே தெரியாது போகும்.

தென்னந்தோப்புள்ள இவ்வூரில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. சிரட்டை சுவாலைவிட்டு எரியுங்கால் மீனை வைத்தல் கூடாது. மேலே கரியும், உள்ளே பச்சையாயிருக்கும். சுவாலை அடங்கித் தணல்மேல் வெண்சாம்பல் படர்ந்த பின்னரே, எண்ணெய் தடவிக் காயவைத்த கம்பி வலையில் மீனை இடுக. ஓரங்குல கனமுள்ள துண்டுக்குப் பக்கத்திற்கு நாலைந்து நிமிஷம் போதும். ஒருபுறம் நன்கு வெந்தால் மீன் தானே வலையை விட்டு எழும்பும். அதற்கு முன் புரட்டினால் சதை பிய்ந்துபோம். முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி போலின்றி வெளுத்து இதழ் இதழாகப் பிரிதல் வேண்டும். அரைவேக்காட்டு நன்னீர் மீனில் ஒட்டுண்ணிகள் உயிருடன் இருக்கக்கூடுமாதலால் இதில் அவசரம் ஆகாது.

முழு மீனாயின் வாழையிலையில் சுற்றி மண்சட்டியிலிட்டு, மூடியின் மேலும் சட்டியின் கீழும் தணல் வைத்து வேகவிடலாம். நகரத்து இல்லங்களிலுள்ள மின்சார அவனும் இவ்விதமே நாற்புறமும் வெப்பமூட்டுவதுதான். அதை 200 டிகிரி சென்டிகிரேடில் முன்னரே சூடேற்றி வைத்தால், அரைக் கிலோ மீன் ஏறக்குறைய 25 நிமிஷத்தில் வேகும். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பின்னரே பிழிக.