ஆய்வகத்துக்குக் காவல் யார்? பிர்பிரைட் கசிவு கற்றுத்தந்த நிர்வாகப் பாடம்

2007 ஆகஸ்ட் 3 அன்று, இங்கிலாந்தின் சர்ரே பகுதிப் பண்ணையொன்றின் மாடுகளுக்குக் கோமாரி நோய் இருப்பது உறுதியானது. 2001இல் இதே நோயை ஒழிக்க 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்ற நாடு அது. வைரஸ் ரகத்தைப் பார்த்ததுமே நிபுணர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. 1967இல் பிரித்தெடுக்கப்பட்ட பழைய ரகம் அது, கால்நடைகளிடையே உலவுவதில்லை. ஆய்வகங்களும் தடுப்பூசித் தயாரிப்பாளர்களும்தான் அதைக் கையாண்டுவந்தனர். அப்படிப்பட்ட இரண்டு நிறுவனங்கள் சில கிலோமீட்டர் தொலைவில், பிர்பிரைட் வளாகத்தில் இருந்தன.

எப்படிக் கசிந்தது?

ஒன்று, அரசு நிதியில் இயங்கிய விலங்கு நல ஆய்வு நிறுவனம். மற்றொன்று, மெரியல் என்ற தனியார் தடுப்பூசி நிறுவனம். ஆய்வாளர்கள் கையாண்டது சில மில்லிலிட்டர் வைரஸ். மெரியல் தயாரித்ததோ ஆயிரக்கணக்கான லிட்டர். இரண்டின் கழிவுநீரும் கடைசியில் காஸ்டிக் சோடா கலந்து சுத்திகரிக்கப்படும். ஆனால், அந்த இடத்தைச் சேரும்வரை கழிவில் உயிருள்ள வைரஸ் இருக்க வாய்ப்பு உண்டு. வழியில் இருந்த நிலத்தடிக் குழாய்களோ விரிசல் விட்டிருந்தன. மரவேர்கள் உள்ளே நுழைந்திருந்தன. ஜூலையில் பெய்த கனமழையில் கழிவு மண்ணில் கலந்து, கட்டுமான லாரிகளின் சக்கரங்களில் ஒட்டி வெளியேறியிருக்கக்கூடும் என்பதே விசாரணையின் முடிவு. செப்டம்பருக்குள் எட்டுப் பண்ணைகளில் நோய் கண்டறியப்பட்டது.

தெரிந்தும் ஏன் சரிசெய்யவில்லை?

குழாயின் நிலைமை முன்பே தெரிந்ததுதான். மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆய்வு நிறுவனத்துக்கு அடிப்படை நிதி தந்தது உயிரியல் ஆராய்ச்சி மன்றம். நோய்ப் பரிசோதனைப் பணிகளுக்குப் பணம் தந்தது வேளாண் துறையான டெஃப்ரா. ஆபத்தான கிருமிகளைக் கையாள உரிமம் கொடுத்து, பாதுகாப்பைச் சோதித்ததும் டெஃப்ராதான். வாடிக்கையாளரே காவலராகவும் இருந்தால், கண்டிப்பு காட்டும்போது அதன் செலவும் தன் தலையில் விழுமோ என்ற தயக்கம் வரத்தானே செய்யும்? மெரியலும் அதே குழாயைப் பயன்படுத்தியதால், பராமரிப்பு பொதுப் பொறுப்பானது. பொதுப் பொறுப்பு, எவர் பொறுப்பும் இல்லாமல் போனது.

என்ன மாறியது?

ஒழுங்குமுறையை ஆராய்ந்த சர் பில் காலகன் குழு, மனித, விலங்குக் கிருமிகள் இரண்டுக்கும் ஒரே விதிமுறை வேண்டும் என்றது. ஆய்வகங்களைச் சோதிக்கும் வேலையைத் தொழிலிடப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அரசும் அதை ஏற்றது. 2012இல் நிறுவனம் ‘பிர்பிரைட் இன்ஸ்டிடியூட்’ எனப் பெயர் மாறியது. இன்று அது அறங்காவலர் குழுவின் கீழ் இயங்கும் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம். 13.5 கோடி பவுண்டில் புதிய உயர்பாதுகாப்பு ஆய்வகமும் எழுந்தது. மாட்டு வெக்கை நோய்க்குத் தடுப்பூசி கண்டறிந்த வால்டர் பிளவ்ரைட்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

பிர்பிரைட்டில் விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லை; உலகக் கோமாரி நோய் ஆய்வுக்கே அதுதான் தலைமை மேற்கோள் ஆய்வகம். கோட்டைவிட்டது நிர்வாகம். கிருமி ஆய்வகம் எந்த நாட்டில் இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்: பணம் தருபவர் யார், சோதிப்பவர் யார், பழுதானால் செலவு யாருடையது? முதல் இரண்டுக்கும் ஒரே பெயர் விடையாக வந்தால், மூன்றாவது கேள்வி கோப்புகளுக்குள்ளேயே கிடக்கும்.