அயல்நாட்டு ஆலோசனைக் குழு நமக்கு என்ன செய்யும்?



"மத சுதந்திரத்துக்கென்று அமெரிக்காவில் ஒரு குழு இருக்கிறதாமே, அது நம் நாட்டு நிலைமையை மாற்றிவிடுமா?" என்று கண்டாச்சிபுரம் வரும் ஆதரவாளர்கள் சிலர் கேட்பதுண்டு. அதைக் குறித்து எளிமையாய் விளக்க விரும்புகிறோம்.

1998ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி அமெரிக்க அரசு, மத சுதந்திரத்துக்கென ஒரு தனித் தூதரையும், ஒன்பது பேர் கொண்ட ஓர் ஆணையத்தையும் ஏற்படுத்தியது. மூவரை ஜனாதிபதியும், மற்ற அறுவரை நாடாளுமன்றத்தின் இரு சபைத் தலைமையும் நியமிக்கிறார்கள். ஆணையத்தினருக்குச் சம்பளம் இல்லை. ஆண்டுதோறும் பல நாடுகளின் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தருகிறார்கள். மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்காகவும், பாகிஸ்தானின் இந்துக்கள், கிறிஸ்தவர்களுக்காகவும் அவ்வறிக்கை பேசுகிறது.

ஆனால் ஆணையம் ஆலோசனைதான் சொல்லும். முடிவெடுப்பது வெளியுறவுத் துறை. இந்தியாவை 'மிகுந்த கவலைக்குரிய நாடு' என்று அறிவிக்கும்படி 2020 முதல் 2025 வரை ஆண்டுதோறும் ஆணையம் பரிந்துரைத்தது. துறை அப்படி அறிவிக்கவில்லை. இந்திய அரசோ அவ்வறிக்கைகளை ஒருதலைப்பட்சமானவை என்று மறுத்தது. பாகிஸ்தான் 2018ல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டும், தன் நாட்டு நலன் கருதி அமெரிக்கா தடைகளை விதிக்காமல் விட்டது.

நம் மாநில அனுபவத்தையும் நினைவுகூருவோம். 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அயல்நாட்டு அறிக்கைகளும் அதைக் குறிப்பிட்டன. எனினும் 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்ற பின்னரே அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. இந்த மண்ணின் வாக்காளர்கள் தந்த தீர்ப்பு அது.

அப்படியானால் அறிக்கைகள் வீணா? இல்லை. ஒடுக்கப்பட்டோரின் துயரம் மறைந்துபோகாமல் அவை பதிவு செய்கின்றன. அந்தந்த ஊரார் தரும் செய்திகளே அவற்றுக்கு ஆதாரம். ஆகவே நாம் எழுதும் ஒவ்வொரு கடிதமும் உண்மையாயிருக்க வேண்டும். கூட்டியும் எழுதலாகாது, குறைத்தும் எழுதலாகாது. மிகைப்படுத்திய ஒரு செய்தி, உண்மையாகவே பாதிக்கப்பட்டவரின் சாட்சியையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

நமக்கு முதல் பாதுகாப்பு நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு. அடுத்தது அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை. எங்கள் வெளிநோயாளர் வரிசையில் எல்லா மதத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். அந்த நம்பிக்கை குலையாதிருக்க ஜெபியுங்கள்.