பாம் ஜீசஸ் பேராலயம், பழைய கோவா

இயேசு சபைத் துறவியர் 1594-இல் தொடங்கிய கட்டுமானப் பணி முடிந்து, 1605-இல் இவ்வாலயம் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பின் தூண்களும் செதுக்கு வேலைப்பாடுகளும் வசாயிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல். சுவர்கள் உள்ளூர்ச் செம்புரைக்கல்.

பலிபீடத்தை நோக்கி நில்லுங்கள். எளிய வெண்சுவர்களுக்கு நடுவே அதன் பொன்முலாம் பூசிய மரவேலைப்பாடு கண்ணை இழுக்கும். பரோக் கலை விரும்பியதும் இந்த ஈர்ப்பைத்தான். கீழே சிறிய குழந்தை இயேசு. மேலே சபையின் நிறுவனர் இஞ்ஞாசியாரின் பெரிய உருவம். அவர் பார்வை போகும் திசையில், கதிர் வீசும் வட்டத்துக்குள் இயேசுவின் பெயர்ச் சின்னம்.

வலப்புறச் சிற்றாலயத்தில் புனித சவேரியாரின் உடல் உள்ளது. 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றியவர் அவர். 1552-இல் சீனக் கடலோரத் தீவொன்றில் இறந்தார். வெள்ளிப் பேழை 17-ஆம் நூற்றாண்டில் கோவாத் தட்டார்கள் செய்தது. அதைத் தாங்கும் பளிங்கு மேடை, தஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோவின் கொடை. ஃபிளாரன்ஸ் சிற்பி ஃபொஜ்ஜீனி வடித்த அது 1698-இல் இங்கே நிறுவப்பட்டது. இரு நாட்டுக் கைவினையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

வெளிச்சுவரின் சிவப்பு, ஆலயத்தின் பழைய தோற்றம் அல்ல. அதை மூடியிருந்த சுண்ணாம்புப் பூச்சு 1950-களில் அகற்றப்பட்டது. நுண்துளைகள் நிறைந்த செம்புரைக்கல் பருவமழையில் நீரை உறிஞ்சி அரிபடுகிறது. சுவரைத் தொடாமலும் அதில் சாயாமலும் பார்த்துச் செல்லுங்கள். இக்கல்லைக் காப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.