பூட்டாத அலமாரி சொன்ன பாடம்

பரிசு தந்தால்தான் பிள்ளை படிக்கும், பயம் இருந்தால்தான் வகுப்பு அடங்கும் என்று நினைப்பவர்கள் இன்றும் ஏராளம். இரண்டுமே தேவையில்லை என்று தன் வகுப்பறையில் கண்டுகொண்டவர், இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி.

மருத்துவம் படித்த அவர், 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி அது. பெற்றோர் வேலைக்குப் போனபின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அங்கே கண்டவற்றை, 60 வயதைக் கடந்தபின், 1936-ல் வெளியான 'குழந்தைப் பருவத்தின் ரகசியம்' என்ற நூலில் அவர் அசைபோடுகிறார்.

திருட்டா, தேர்வா?

விளையாட்டுக் கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவது அங்கிருந்த ஆசிரியையின் வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாக வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'இது திருட்டுப் புத்தி, கண்டிக்க வேண்டும்' என்றே ஆசிரியைக்குத் தோன்றியது. மாண்டிசோரிக்கு வேறு விதமாகப் பட்டது. எது தனக்கு வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறதே! பூட்டிய அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன. எடுத்த பொருளை அதே இடத்தில் திரும்ப வைக்கும் பொறுப்பும் பிள்ளைகளுடையதே ஆனது.

சும்மா விடுவது நம்பிக்கையாகாது என்பதிலும் அவர் தெளிவாக இருந்தார். நம்புவதற்கு ஏற்றபடி வகுப்பறையைத் தயார் செய்தார். மரக்கட்டையில் 10 குழிகள். அவற்றில் பொருத்த வெவ்வேறு அளவில் 10 உருளைகள். ஒன்றை இடம் மாற்றி வைத்தால், கடைசியில் ஏதோ ஓர் உருளை பொருந்தாமல் நிற்கும். 'தப்பு' என்று யாரும் அதட்ட வேண்டியதில்லை. பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். சுமார் 3 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக 40 முறைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் மற்ற பிள்ளைகளைப் பாடவைத்தும் அவள் கவனம் கலையவில்லை. இத்தனைக்கும் அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை.

மதிப்பிழந்த பதக்கம்

நன்றாக நடந்துகொண்ட பிள்ளைக்கு ஆசிரியை ஒரு பதக்கம் அணிவித்திருந்தார். வேலை மும்முரத்தில் அது கீழே விழுந்தது. தண்டனையாகத் தனியே உட்காரவைக்கப்பட்ட இன்னொரு பிள்ளை அதை எடுத்துக் கேட்க, 'எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்' என்கிற பாவனையில் முதல் பிள்ளை வேலையைத் தொடர்ந்தது. பரிசு யாருக்கு இனித்தது என்பதைக் கவனியுங்கள். செய்ய வேலை இல்லாத பிள்ளைக்கு!

பின்னாளில் ஆய்வாளர்களும் இதை ஒட்டிய முடிவுக்கே வந்தார்கள். 1973-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படம் வரைவதை விரும்பும் சிறு பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் இருந்த ஆசை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி

மாண்டிசோரிக்குச் சென்னையோடும் நெருங்கிய உறவு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில், 1939-ல் தம் 69-வது வயதில் அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

தேர்வும் மதிப்பெண்ணும் சூழ்ந்த நம் வீடுகளில் அவர் வழியை அப்படியே பின்பற்றுவது கடினம்தான். ஆனால் தொடக்கம் சிறிதாக இருக்கலாம். சட்டைப் பொத்தானைப் போடத் திணறும் குழந்தையின் கையைத் தட்டிவிட்டு நாமே போட்டுவிடாமல், இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருக்கலாம். எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். 'உன்னால் முடியும்' என்று வாயால் சொல்வதைவிட, குறுக்கிடாமல் காத்திருப்பது பிள்ளைக்கு நம் நம்பிக்கையை நன்றாகவே புரியவைக்கும்.