இபோகெயின்: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

"ஒரே வேளை மருந்தில் போதைப் பழக்கம் விட்டுப்போகுமாமே, உண்மையா?" மகனையோ கணவரையோ போதையிலிருந்து மீட்கப் போராடும் குடும்பத்தினர் இவ்வாறு வினவுவதுண்டு. அவர்கள் கேள்வியுற்ற அம்மருந்து பெரும்பாலும் இபோகெயினாகவே இருக்கும். அதனைப் பற்றி அறிவியல் இதுவரை அறிந்தவற்றை இங்கே விளக்குகிறோம்.

இபோகெயின், மத்திய ஆப்பிரிக்காவில் வளரும் இபோகா என்னும் புதர்ச்செடியின் வேர்ப்பட்டையில் உள்ள வேதிப்பொருள். காபோன் நாட்டின் புவிட்டி சமயச் சடங்குகளில் அப்பட்டை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 1901-ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் இப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர். இபோகெயின் சிறு அளவில் கலந்த ஊக்க மாத்திரை ஒன்று பிரான்சில் 'லாம்பரேன்' என்ற பெயரில் சில பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. பெரிய அளவில் உட்கொண்டால், விழித்திருக்கும்போதே கனவு காண்பது போன்ற நிலை பல மணி நேரம் நீடிக்கும்.

1962-இல் ஹெராயின் பழக்கமுடைய ஹோவர்டு லாட்சோஃப் என்ற அமெரிக்க இளைஞர், இதனை உட்கொண்டபின் தமக்குப் போதை வேட்கை தணிந்ததை உணர்ந்தார். ஆராய்ச்சியில் ஆர்வம் பிறந்தது அதன்பின்னரே. எனினும் 1970-இல் அமெரிக்கச் சட்டம் இதனை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சட்டத் தடையும் இதயத்திற்கு நேரும் ஆபத்தும் ஆய்வுகளை மந்தப்படுத்தின.

அந்த ஆபத்து யாது? ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு உதவும் பொட்டாசியப் பாதைகளை இபோகெயின் தடுக்கிறது. அதனால் அவ்விடைவெளி நீண்டு, துடிப்பு தாறுமாறாகி, உயிரிழப்பும் நேரலாம். அத்தகைய மரணங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. உடலில் இபோகெயின் மாறி உண்டாகும் நாரிபோகெயின் என்னும் பொருள் பல நாள்கள் தங்குவதால், முதல் நாளோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மெத்தடோன், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றோடு சேர்ந்தால் ஆபத்து பெருகும். வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் தாது உப்புகள் குறைந்திருந்தாலும் அவ்வாறே.

2024-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலைக்காயத்தின் பின்விளைவுகளால் துன்புற்ற 30 முன்னாள் அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மெக்சிகோவில் அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பின்கீழ் இபோகெயினும், இதயத்தைக் காக்க மக்னீசியமும் அளிக்கப்பட்டன. ஒரு மாதத்திற்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் பெரிதும் தணிந்திருந்தன. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து பெறாத குழு எதுவும் அதில் இல்லை. ஆகவே இது நம்பிக்கை தரும் தொடக்கமேயன்றி முடிவன்று. 2025-இல் டெக்சஸ் மாநிலம் இவ்வாராய்ச்சிக்கு 5 கோடி டாலர் ஒதுக்கச் சட்டம் இயற்றியது.

குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இணையத்தில் விற்கப்படும் வேர்ப்பட்டைத் தூளையோ கண்காணிப்பற்ற சிகிச்சையையோ நாடாதீர்கள். இரண்டாவது, சில நாள்கள் போதைப்பொருளை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். மீண்டும் அதே அளவை எடுத்தால் உயிர் போகக்கூடும். இந்த எச்சரிக்கை எந்தச் சிகிச்சைக்குப் பின்னரும் பொருந்தும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுப் பழக்கத்திற்குப் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகிய நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் இன்றே உள்ளன. புதிய மருந்து குறித்துக் கேள்வியுற்றால், தயக்கமின்றி உங்கள் மனநல மருத்துவரிடம் கேளுங்கள். அக்கேள்விக்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.