சாஸ்திரிகளும் வேதபாரகரும்: மத்தேயு 2:1–12 உணர்த்தும் பொருள்

கிறிஸ்து பிறப்பைக் குறித்த வேதபகுதிகளுள் கிழக்கத்திய சாஸ்திரிகளின் வரலாற்றைப்போல் பக்தர்களின் கற்பனையைக் கவர்ந்த பகுதி பிறிதொன்றில்லை எனலாம். ஆண்டுதோறும் சனவரி 6ஆம் நாளில் வரும் பிரசன்னத் திருநாளில் இப்பகுதி நமது ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. புறவினத்தாருக்குக் கிறிஸ்து வெளிப்பட்டார் என்பதே அந்நாளின் செய்தி என்று நாம் போதிக்கிறோம். அது உண்மையே, எனினும் மத்தேயு சொல்ல விரும்பியது அவ்வளவுடன் முடிந்துவிடவில்லை. இறைவனைப்பற்றிய அறிவு வணக்கமாகக் கனிவது எப்போது, கொடுமைக்குக் கருவியாவது எப்போது என்னும் வினாவையும் அவர் இப்பகுதியில் எழுப்புகிறார். வேதத்தைக் கற்பதையும் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட நாம் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

1. மரபில் வளர்ந்தவை

முதலில் மத்தேயு சொல்லாதவற்றை நீக்கிக்கொள்ளுதல் நலம். வந்தவர்கள் மூவர் என்று அவர் கூறவில்லை. காணிக்கைகள் மூன்றாயிருந்தமையால் பிற்காலத்தார் அவ்வாறு கருதினர். சீரிய மரபில் பன்னிருவர் எனக் கூறுவாரும் உளர். அவர்கள் அரசர்கள் என்பதும் மத்தேயுவின் கூற்றன்று. அரசர்கள் காணிக்கை கொண்டுவருவதைப் பாடும் 72ஆம் சங்கீதமும், பொன்னும் தூபவர்க்கமும் சுமந்து வருவோரைக் காட்டும் ஏசாயா 60ஆம் அதிகாரமும் இந்நிகழ்ச்சியோடு இணைத்து வாசிக்கப்பட்டதால் அவர்கள் தலையில் முடி ஏறிற்று. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்னும் பெயர்களும் பின்னரே தோன்றின. அவர்களுடையவை என நம்பப்பட்ட எலும்புகள் 1164இல் மிலான் நகரிலிருந்து கொலோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு இன்றளவும் போற்றப்படுகின்றன. மேலும், அவர்கள் பிள்ளையைக் கண்டது மாட்டுக்கொட்டிலில் அன்று, ஒரு வீட்டில். மேய்ப்பரோடு அவர்களை ஒரே காட்சியில் நிறுத்துவது லூக்காவையும் மத்தேயுவையும் கலந்த நமது கிறிஸ்து பிறப்பு நாடகங்களின் வேலையே.

இம்மரபுகளை எள்ளி நகையாடவேண்டியதில்லை. எல்லா இனத்தாரும் கிறிஸ்துவின் பாதத்தில் கூடுவர் என்ற நம்பிக்கையே இவற்றை வளர்த்தது. ஆயினும் அவர்களுக்குச் சூட்டப்பட்ட முடி, அவர்கள் செய்துவந்த தொழிலை மறைத்துவிட்டது. மத்தேயுவின் செய்தியோ அத்தொழிலிலேயே தொடங்குகிறது.

2. 'மாகோஸ்' என்னும் சொல்

மத்தேயு கையாளும் கிரேக்கச் சொல் 'மாகோஸ்' என்பது. மேதியரின் ஆறு குலங்களுள் ஒன்றாக மாகியரை ஹெரோதொத்தஸ் குறிப்பிடுகிறார். பின்னர் அச்சொல் பாரசீகக் குருமார், கனவுகளுக்குப் பொருள் சொல்வோர், வானநூலார், மந்திரவாதிகள் எனப் பலரையும் குறிக்கலாயிற்று. வேதத்தில் அது மதிப்புக்குரிய சொல்லன்று. தானியேல் ஆகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், அரசனின் கனவை அறிவிக்க இயலாமல் தோற்றுப்போகிறவர்களுள் 'மாகோய்' இடம்பெறுகின்றனர். அப்போஸ்தலர் நடபடிகளில் பாப்போ பட்டணத்துப் பர்யேசு இச்சொல்லாலேயே அழைக்கப்படுகிறான். பவுலின் கடிந்துகொள்ளுதலுக்கு ஆளாகிக் கண்ணொளி இழக்கிறான். சமாரியா நாட்டுச் சீமோனின் செயலும் இச்சொல்லின் அடியாகப் பிறந்த வினைச்சொல்லால் குறிக்கப்படுகிறது.

நட்சத்திரங்களைப் பார்த்து நாள் சொல்வோரை ஏசாயா நகைத்துப் பேசியதும், வான சேனைகளை நோக்கி வணங்குவதை உபாகமம் தடைசெய்ததும் மத்தேயு நன்கு அறிந்தவையே. அப்படியிருந்தும், இயேசுவை வணங்க முதன்முதலில் வந்தவர்களாக அவர் காட்டுவது வேதம் ஒப்புக்கொள்ளாத தொழிலைச் செய்தவர்களையே. நமது பழைய மொழிபெயர்ப்பு 'சாஸ்திரிகள்' என்று கூறுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'ஞானிகள்' என்று கூறுகிறது. இரண்டுமே மதிப்பைத் தரும் சொற்கள். மூலச்சொல்லின் அதிர்ச்சி இரண்டிலும் தணிந்துவிடுகிறது.

இவர்களுக்கு முன்னோடியாகப் பழைய ஏற்பாட்டில் நிற்பவன் பிலேயாம். அவனும் கிழக்கிலிருந்து வந்தவன். இஸ்ரவேலைச் சபிக்கும்படி ஓர் அரசனால் அழைக்கப்பட்டவன். ஆனால் யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் எழும்பும் என்று ஆசிகூறித் திரும்பியவன். அலெக்சாந்திரியாவின் பிலோ அவனை 'மாகோஸ்' என்றே குறிப்பிடுகிறார். மேசியாவின் பிறப்பைப்பற்றி ரேமண்ட் பிரவுன் 1977இல் வெளியிட்ட பெருநூல் இத்தொடர்பை நன்கு விளக்கியுள்ளது. இந்நிகழ்ச்சியின் அடியில் வரலாற்று நினைவு உண்டென்பாரும், பிலேயாமின் வரலாற்றைத் தழுவி மத்தேயு இதனை அமைத்தார் என்பாரும் உளர். இருசாராரும், அரசனின் எண்ணத்தை இறைவன் புறவினத்து ஞானியைக்கொண்டே முறியடிக்கிறார் என்னும் கருத்தில் ஒன்றுபடுவர்.

3. நட்சத்திரம் காட்டியதும் காட்டாததும்

1603இல் வியாழனும் சனியும் ஒன்றுகூடியதைக் கண்ட கெப்ளர், கி.மு. 7இலும் அவ்விரு கோள்கள் கூடியதைக் கணக்கிட்டறிந்தார். அதுமுதல் அந்த நட்சத்திரம் எதுவென்னும் ஆராய்ச்சி ஓயவில்லை. ஆனால் ஒரு பிள்ளை இருக்குமிடத்துக்கு மேலே வந்து நிற்கும் நட்சத்திரத்தை வானநூலைக்கொண்டு விளக்கிவிட முடியாது. மத்தேயுவின் நோக்கமும் அதுவன்று.

இங்கே கவனிக்கவேண்டியது வேறு. நட்சத்திரம் அவர்களை எருசலேமுக்கு வழிநடத்திற்று என்று மத்தேயு எங்கும் கூறவில்லை. அதன் உதயத்தைக் கண்டோம் என்றே அவர்கள் சொல்கின்றனர். 'கிழக்கிலே' என்று நாம் வாசிக்கும் சொல்லுக்கு அங்கே 'உதயத்தில்' என்னும் பொருளே பொருத்தமென ஆய்வாளர் பலர் கருதுவர். அரசன் பிறந்திருந்தால் தலைநகரில்தானே பிறந்திருக்கவேண்டும் என்று அவர்களே எண்ணி அரண்மனை இருந்த ஊருக்கு வந்தனர். நட்சத்திரம் ஓர் அரசன் பிறந்ததைக் காட்டிற்று. அவர் எத்தகைய அரசர், எவ்வூரில் தேடத்தக்கவர் என்பதைக் காட்டவில்லை. அதற்கு மீகாவின் தீர்க்கதரிசனம் தேவைப்பட்டது. பெத்லகேம் என்னும் சிற்றூரை அவர்களுக்குக் காட்டியது இஸ்ரவேலின் வேதமே. அதைக் கேட்டுப் புறப்பட்ட பின்னரே நட்சத்திரம் அவர்களுக்கு முன்னே செல்கிறது.

இயற்கை வழியான இறையறிவு பற்றி 1934இல் எமில் புருன்னரும் கார்ல் பார்த்தும் நடத்திய வாதம் நாம் அறிந்தது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய அகில உலக நற்செய்திப்பணி மாமன்றத்திலும், பிற சமயங்களில் இறைவெளிப்பாடு உண்டோ என்னும் இதேபோன்ற வினா ஹென்றிக் கிரேமரின் நூலையொட்டி எழுந்தது. செஞ்சையா, சக்கரை முதலியோர் மாற்றுக்கருத்தை முன்வைத்தனர். மத்தேயுவின் பகுதி இவ்விரு சாராரில் எவருக்கும் எளிதில் துணைநிற்பதில்லை. நட்சத்திரம் பொய் என்று அது சொல்லவில்லை. நட்சத்திரமே போதும் என்றும் சொல்லவில்லை. தாங்கள் அறிந்த வழியிலேயே இறைவன் அச்சாஸ்திரிகளைச் சந்தித்தார். ஆனால் அவ்வழியின் முடிவில் அவர்கள் பிறரிடம் கேட்டறியவேண்டியவர்களாயினர். கேட்க வெட்கப்படாதது அவர்களுடைய ஞானம்.

4. கரை கண்டவர்கள்

கேட்ட வினாவுக்குச் சரியான விடை கிடைத்தது. பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் தடுமாறவில்லை, ஐயம் தெரிவிக்கவில்லை, தவறான வசனத்தையும் எடுத்துக்காட்டவில்லை. வேதத் தேர்வில் முழுமதிப்பெண் பெறத்தக்க விடை அது. ஆனால் விடை சொன்னவர்களுள் ஒருவரேனும் பெத்லகேமுக்குப் புறப்பட்டதாக மத்தேயு கூறவில்லை. எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவே. காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குமுன் சென்றடையலாம்.

'பாரகர்' என்னும் சொல்லுக்கு அக்கரையை அடைந்தவர், கரை கண்டவர் என்பது பொருள். வேதத்தின் கரையையே கண்டவர்கள் ஒரு காலைப்பொழுதின் வழியைக் கடக்கவில்லை. வேதம் அறியாத சாஸ்திரிகளோ பாலையையும் எல்லைகளையும் கடந்து வந்தனர். நமது மொழிபெயர்ப்பாளர் கருதியோ கருதாமலோ இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து மத்தேயுவின் முரணைத் தமிழில் கூர்மையாக்கியுள்ளனர்.

இப்பகுதியை யூத மக்களுக்கு எதிரான குற்றச்சாட்டாக வாசிப்பது பெருந்தவறு. எழுதியவரும் யூத மரபினரே. பிள்ளையும் தாயும் யூதரே. வழிகாட்டிய வேதமும் யூதருடையதே. மத்தேயு குற்றஞ்சாட்டுவது ஓர் இனத்தையன்று. அரண்மனையை அண்டி வாழ்ந்த சமய அறிவையே. அந்த இருக்கையில் இன்று அமர்ந்திருப்பது திருச்சபை. சிறப்பாக, போதகரும் இறையியல் ஆசிரியரும்.

5. ஏரோதின் கையில் அறிவு

இப்பகுதியில் நாம் எளிதில் கடந்துசெல்லும் நுட்பம் ஒன்று உண்டு. ஏரோது இரண்டு செய்திகளைச் சேகரிக்கிறான். வேதபாரகரிடமிருந்து இடத்தை அறிந்துகொள்கிறான். சாஸ்திரிகளை இரகசியமாக அழைத்து, நட்சத்திரம் தோன்றிய காலத்தைத் திட்டமாய் விசாரித்தறிகிறான். பின்னர் 16ஆம் வசனத்தில் அவன் இட்ட கட்டளை இவ்விரண்டாலும் அமைந்தது: பெத்லகேமும் அதன் எல்லைகளும் என்பது வேதம் தந்த இடம், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்பது நட்சத்திரம் தந்த காலம். வேதத்தின் வழிவந்த அறிவும் இயற்கையின் வழிவந்த அறிவும் ஒருங்கே கிடைத்த ஒரே மனிதன் ஏரோது. அவ்விரண்டையும் அவன் கொலைக்குப் பயன்படுத்தினான். 'நானும் வந்து பணிந்துகொள்வேன்' என்று பக்தியின் மொழியையும் அவன் பேசினான்.

இப்படுகொலையை யோசேபஸ் குறிப்பிடவில்லை. ஆயினும் தன் மனைவி மரியம்மையையும் மைந்தர் மூவரையும் கொல்வித்தவன் ஏரோது என அவர் விரிவாக எழுதியுள்ளார். மத்தேயு காட்டும் ஏரோது அச்சித்திரத்துக்கு அயலானவன் அல்லன்.

வேத அறிவு ஏரோதுக்கு ஊழியம் செய்வது அக்காலத்தோடு முடிந்ததன்று. 1939இல் ஜெர்மனியில் ஐசனாக் நகரில், திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வுத் தலைவர் வால்ட்டர் குருண்ட்மன் கல்லாதவர் அல்லர். யேனாப் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாட்டைக் கற்பித்த பேராசிரியர். யூத அடையாளங்கள் நீக்கப்பட்ட ஒரு புதிய ஏற்பாட்டையும் அந்நிறுவனம் 1940இல் வெளியிட்டது. கிரேக்கத்தில் தேர்ச்சியுள்ளவர்கள், மூலபாடத்தை ஆராயத் தெரிந்தவர்கள், யூதப் பிள்ளைகளைக் கொல்லத் துணிந்த ஓர் அரசுக்குத் தங்கள் அறிவை ஈந்தனர். அவர்களுக்குக் குறைவாயிருந்தது வேத அறிவன்று.

6. வணக்கமும் வேறு வழியும்

அப்படியானால் சாஸ்திரிகளை வேறுபடுத்தியது எது? மத்தேயு அதை ஒரே வினைச்சொல்லால் காட்டுகிறார். பணிந்துகொள்ளுதல் என்னும் பொருளுள்ள 'ப்ரொஸ்குனேயோ' இப்பகுதியில் மும்முறை வருகிறது: சாஸ்திரிகள் தங்கள் நோக்கமாக அதைக் கூறுகின்றனர், ஏரோது பொய்யாக அதைக் கூறுகிறான், முடிவில் அவர்கள் அதைச் செய்கின்றனர். இதே வினை, சோதனை மலையில் பிசாசு இயேசுவிடம் கேட்பதிலும், நற்செய்தியின் இறுதியில் உயிர்த்தெழுந்தவரின்முன் சீடர் விழுவதிலும் வருகிறது. யாரைப் பணிவது என்பதே மத்தேயு நற்செய்தி முழுவதிலும் ஓடும் வினா. சாஸ்திரிகள் அரண்மனையைக் கண்டபின் ஒரு வீட்டுக்குள் சென்று, பேச்சறியாத பிள்ளையின்முன் விழுந்தனர். பொன் அரசருக்கும், தூபவர்க்கம் கடவுளுக்கும், வெள்ளைப்போளம் மரிக்கவேண்டியவருக்கும் உரியவை என 2ஆம் நூற்றாண்டில் இரேனியஸ் விளக்கினார். அவ்விளக்கம் அழகியது, ஆனால் மத்தேயு முதலில் கூறுவது பணிவை, பின்னரே காணிக்கையை.

வணங்கியவர்கள் வந்த வழியே திரும்பவில்லை. கனவில் எச்சரிக்கப்பட்டு வேறு வழியாய்ச் சென்றனர். அதாவது, அரசனுக்குத் தருவதாயிருந்த செய்தியைத் தராமற் சென்றனர். அறிவைக் கொடுத்தவர்கள் அறிவைக் கொடாதிருக்கக் கற்றனர். வணக்கத்தின் முதற்கனி இந்தக் கீழ்ப்படியாமையே. ஆயினும் முன்பே அவர்கள் சொல்லிவிட்ட காலக்கணக்கு பெத்லகேமின் தாய்மாரை அழவைத்தது என்பதை மத்தேயு மறைக்கவில்லை. நல்ல நோக்கத்தோடு கேட்கப்பட்ட கேள்வியும் தீயவன் செவியில் விழுந்தால் தீங்கு விளையும் என்பது இப்பகுதியின் துயரமான உண்மை.

7. திருப்பணியாளருக்கு

பிரசன்னத் திருநாள் அருளுரையில் சாஸ்திரிகளின் நெடும்பயணத்தைப் போற்றுவது எளிது. சபையாரைச் சாஸ்திரிகளின் இடத்திலும், அயலாரை வேதபாரகரின் இடத்திலும் வைத்துப் பேசுவது அதனினும் எளிது. ஆனால் வசனம் அறிந்தவர்கள் நாம். கேட்டால் உடனே விடை சொல்லக்கூடியவர்கள் நாம். நம்மிடம் வந்து, பிறந்திருக்கிறவர் எங்கே என்று கேட்போர் பல வேளைகளில் சபைக்கு வெளியே இருந்தே வருகின்றனர். அவர்களுடைய தொழிலும் சமயமும் நமக்கு ஒவ்வாதவையாய் இருக்கக்கூடும். அவர்களுக்கு வழிசொல்லி அனுப்பிவிட்டு எருசலேமிலேயே தங்கிவிடும் சோதனை நமக்கு என்றும் உண்டு. நமது விடையை வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று ஆராயாதிருக்கும் சோதனையும் உண்டு.

வேதபாரகர் செய்யவேண்டியிருந்தது அரிய செயலன்று. விடையைச் சொன்னபின், கேட்டவர்களோடு தாங்களும் புறப்பட்டிருக்கவேண்டும். புறவினத்தாரும் வேதம் அறிந்தோரும் ஒரே வழியில் நடந்து ஒரே வீட்டில் பணிந்திருப்பர். அன்று நிகழாத அந்தக் கூட்டுப்பயணத்துக்கே, நற்செய்தியின் இறுதியில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் சீடரைச் சகல ஜாதிகளிடத்திலும் அனுப்புகிறார். நாம் கற்ற வேதம் பெத்லகேமைச் சுட்டிக்காட்டுகிறது. அங்கே செல்வது நம் கடன்.